வாசலுக்கு வந்து ‘ஹார்ட்வேர் ஃபயர்வால்’ விற்கிறார்கள்: டர்பன்காரர்கள் கவனத்துக்கு

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் மெரிபேங்க், சாட்ஸ்வொர்த் பக்கம் வீடு வீடாகப் போய் "ஹார்ட்வேர் ஃபயர்வால்" (இணையத்திலிருந்து வேண்டாதது உள்ளே வராமல் தடுக்கும் காவல் பெட்டி) என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டில் 3,800 ராண்ட் வாங்கினார்கள். மாதாமாதம் "கண்காணிப்புக் கட்டணம்" என்று 249 ராண்ட் தனி. அந்தப் பெட்டி ஃபயர்வாலே இல்லை. போதாக்குறைக்கு, ஏற்கெனவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஃபயர்வாலையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம், அப்பா மட்டும்தான் வீட்டில். விற்க வந்தவன் கேட்டருகே நின்று "வணக்கம் அங்கிள்" என்று கூப்பிட்டிருக்கிறான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், பேச்சுவாக்கில் இந்த வருஷக் காவடி பற்றி நாலு வார்த்தை. அப்புறம் ஆரம்பித்தான்: "லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்து கரன்ட் திரும்ப வருகிற அந்த ஒரு நிமிஷத்தில் ரவுட்டர் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடக்கும் அங்கிள், ஹேக்கர் அப்போதுதான் நுழைவான்." மின்வெட்டில் ஸ்டேஜ் 6 வரை பார்த்த ஊர்க்காரரிடம் இதைச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்? ஆனால் இது சுத்தப் பொய். ரவுட்டரின் அமைப்புகள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கின்றன. திரும்ப எழும்போது ஃபயர்வாலும் சேர்ந்தேதான் எழும்.

சனிக்கிழமை அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி ஐந்து ஓட்டைகள், பச்சை விளக்குகள், மேலே கேடயம் வரைந்த ஸ்டிக்கர். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரித்தால் அடியில் தயாரிப்பாளரின் அச்சு: ஐந்து போர்ட் டெஸ்க்டாப் ஸ்விட்ச். ஒரு கேபிளை நாலாகப் பிரிக்கிற சாமான். எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று அதற்கு ஒன்றும் தெரியாது. வருவதை அப்படியே அடுத்த ஓட்டைக்குத் தள்ளும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கடையில் சில நூறு ராண்டுக்குக் கிடைக்கும்.

உங்கள் வீட்டிலும் மாட்டியிருந்தால், சோதிக்க ஸ்டிக்கரை உரிக்கவே வேண்டாம். நிஜமான ஃபயர்வால் பெட்டியில் இணையம் உள்ளே வரும் வாய்க்குப் பெரும்பாலும் ‘வான்’ (WAN) என்று தனிப்பெயர் இருக்கும். பிரவுசரில் திறந்து பார்க்க ஓர் அமைப்புப் பக்கமும் இருக்கும். கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளை கொடுங்கள். ‘டிஃபால்ட் கேட்வே’ என்று ஒரு முகவரி வரும், இணையத்துக்குப் போகிற வழியில் முதலில் நிற்கும் சாதனத்தின் முகவரி அது. பெட்டியைக் கழற்றிவிட்டு ரவுட்டரில் நேராகச் செருகி மறுபடி பாருங்கள். எங்களுக்கு இரண்டு தடவையும் ரவுட்டரின் அதே 192.168.1.1. நடுவில் காவலுக்கு யாரும் நிற்கவே இல்லை.

ஃபைபர் நிறுவனம் கொடுக்கிற சாதாரண ரவுட்டரிலேயே ஹார்ட்வேர் ஃபயர்வால் உண்டு. உள்ளிருந்து நாம் கேட்டதற்கு வரும் பதிலை மட்டும் விடும், வெளியிலிருந்து தானாகக் கதவு தட்டுவதைக் கீழே போட்டுவிடும். வீட்டு டிவி, கேமரா, போன் எல்லாம் அதன் பின்னால்தான் இருக்கின்றன. சாஃப்ட்வேர் ஃபயர்வால் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. 2003ல் பிளாஸ்டர் என்ற புழு (தானாகவே பரவும் தீங்கு நிரல்), இணையத்தில் சும்மா இணைந்திருந்த கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே புகுந்தது. அடுத்த வருஷம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலை இயல்பாகவே ஆன் செய்து அனுப்பியது. அன்றிலிருந்து அப்படித்தான். லேப்டாப்பைக் காபிக் கடைக்கோ விமான நிலையத்துக்கோ எடுத்துப்போனால் வீட்டு ரவுட்டர் கூட வராது, அங்கே காப்பது இதுதான். ஆக, இரண்டும் வேண்டும். இரண்டுமே எங்களிடம் இருந்தன, காசில்லாமல்.

இவன் என்ன செய்தான் தெரியுமா? விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிட்டு, எச்சரிக்கை அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு ஃபயர்வால் மென்பொருளின் இலவச டிரையலைப் போட்டிருக்கிறான். டிரையல் காலாவதியானதும் ஐகான் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தது.

அதுகூடப் போகட்டும். எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை, அதாவது வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் அமைப்பைத் திறந்தபோதுதான். 3389 என்ற போர்ட் வெளியுலகத்துக்குத் திறந்து, நேராக அப்பாவின் கம்ப்யூட்டருக்கு விடப்பட்டிருந்தது. அது, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல். ஆபீஸில் கழித்துக் கொடுத்த மெஷின், விண்டோஸ் ப்ரோ. ஹோம் பதிப்பாக இருந்திருந்தால் இந்த வழி அவனுக்குக் கிடைத்திருக்காது. ‘சப்போர்ட்’ என்று அட்மின் உரிமையுள்ள புதுக் கணக்கு வேறு. "தூரத்திலிருந்து கண்காணிப்போம்" என்று பில்லில் எழுதியிருந்ததன் அர்த்தம் இதுதான். விண்டோஸில் நடந்ததெல்லாம் பதிவாகும் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைத் திறந்தால் 4625, 4625, 4625 என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. தோற்றுப்போன உள்நுழைவு முயற்சிக்கான எண் அது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர் என்று ஊர் பேர் தெரியாத இயந்திரங்கள் இடைவிடாமல் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அந்த மெஷினில்தான் அப்பா பேங்க் வேலை எல்லாம் பார்க்கிறார்.

நான் செய்தது: முதலில் கேபிளைப் பிடுங்கினேன். வேறொரு போனிலிருந்து பேங்க், ஈமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றினேன். ரவுட்டரின் ரீசெட் துளையில் ஊசியை அழுத்தி ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுவந்து, புது அட்மின் பாஸ்வேர்டு வைத்தேன். யூபிஎன்பி என்ற வசதியையும் அணைத்தேன், கேட்காமலே போர்ட்டைத் திறந்துவிடும் ஆசாமி அது. உங்கள் இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருந்தால் அதற்கான ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகவே நிறுவினேன். அந்நியன் அட்மினாக இருந்த மெஷினைத் துடைத்து நம்புவதற்கில்லை.

சரி, பணம். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ன் 68ம் எண் சட்டம். அதன் 16வது பிரிவுப்படி, இப்படி நம்மைத் தேடிவந்து விற்றதை 5 வேலை நாட்களுக்குள் எழுத்தில் சொல்லி, காரணமே காட்டாமல் ரத்து செய்யலாம். அந்த உரிமை இருப்பதை விற்பவனே சொல்லியாக வேண்டும். எங்கள் பில்லில் அதைப் பற்றி மூச்சே இல்லை. எங்களுக்கு அந்த 5 நாள் தாண்டிவிட்டது. ஆனால் பொய் சொல்லி விற்பதை 41வது பிரிவு தடுக்கிறது. குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க 56வது பிரிவு இருக்கிறது. மாதாமாதம் கணக்கிலிருந்து பிடித்த கட்டணத்தை பேங்கில் சொல்லி நிறுத்திவிட்டோம்.

பில்லில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்டிக்கரை உரித்துவிட்டீர்களே, வாரண்டி போயிற்று" என்றார். எழுத்தில் அனுப்பச் சொன்னேன். நம்பினால் நம்புங்கள், அனுப்பியும்விட்டார்கள்! அந்த ஈமெயில், பில், ஸ்டிக்கரின் அடியில் இருந்த அச்சின் படம், போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் ஆம்புட்ஸ்மனுக்கு (குறைதீர்ப்பு அமைப்பு) புகார் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் கேடய ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பில்லோடு வைத்து, ரவுட்டரை ரீசெட் செய்வதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு, நீங்களும் புகார் கொடுங்கள்.