கத்தியா, சுத்தியலா: வளவு ஓலை அரைக்க எந்த மெசின்?

ஓலையும் கொப்பும் அரைக்கிற இந்த இரண்டு வகை மெசினும் என்னிடம் இருந்திருக்கின்றன. 2021இல் வாங்கியது கத்தி மெசின். இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு மச்சானிடம் தள்ளிவிட்டேன். இப்போது வளவில் (வீட்டுக் காணியில்) ஓடுவது சுத்தியல் மெசின். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் மச்சான் அந்தக் கத்தி மெசினோடு சந்தோசமாகத்தான் இருக்கிறார். அவரிடம் ஆடு இருக்கிறது, வேலி முழுக்க ஆடு தின்னும் கிளிசிரிடியா மரம் நிற்கிறது. என்னிடம் இருப்பவை தென்னையும் பனையும். விசயமே அதற்குள்தான் கிடக்கிறது.

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வளவு பன்னிரண்டு பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர். தென்னை 22, எல்லையோரம் பனை ஒன்பது, மிச்சத்தில் வாழை. ஒரு தென்னை மாதத்துக்கு ஓலையோடு ஒரு மட்டையாவது கழற்றும். 22 மரத்துக்கு வருடத்தில் 264 மட்டை. அதோடு பாளை, பன்னாடை, பொச்சு (தேங்காய் நார்த்தோல்), காவோலை. முந்தி இதெல்லாம் பிரச்சினையே இல்லை. தென்னோலை கிடுகாகும், பனையோலை வேலிக்கும் கூரைக்கும் போகும், மட்டை அடுப்புக்குப் போகும், மிச்சத்தைத் தோட்டத்தில் கான் (நீட்டுப் பள்ளம்) வெட்டித் தாழ்ப்பார்கள். இப்போது வேலி மதிலாகிவிட்டது, அடுப்பு காஸாகிவிட்டது. கான் வெட்ட ஆள் பிடிக்கிற கூலிக்கு உரமே வாங்கிவிடலாம். ஆகவே மூலையில் குவித்து எரித்தோம். மாரியில் அந்தக் குவியலில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு, டெங்கு என்று அது வேறு தலையிடி.

2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உரம் இறக்குமதி செய்வதைத் தடை செய்தபோது ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் கூட்டெருவில் (கொம்போஸ்ற்) ஞானம் பிறந்தது. எனக்கும் பிறந்தது. அவசரத்தில், கடையில் நின்ற மெசினைப் பார்த்து, கடைக்காரர் ஒரு பச்சைக் கொப்பை உள்ளே விட்டுக் காட்டியதைப் பார்த்து வாங்கிவிட்டேன். கொப்பு வெண்ணெய் மாதிரிப் போனது. நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். மெசின் என்னிடம் நின்றுவிட்டது.

சரி, இரண்டும் எப்படி வேலை செய்கின்றன? கத்தி மெசினில் ஒரு கனத்த தட்டில், அல்லது உருளையில், இரண்டோ நான்கோ கத்திகள் பூட்டியிருக்கும். எதிரே அசையாத ஒரு இரும்புப் பட்டை. கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி, இவை இரண்டுக்கும் இடையில் அகப்படுவது வெட்டுப்படும். சுத்தியல் மெசினில் வெட்டு என்ற பேச்சே இல்லை. சுழலும் உருளையில் தடித்த இரும்புத் துண்டுகள் ஆணியில் தொங்கும். உருளை சுற்றும்போது அவை விறைத்து நின்று, வருவதை அடித்துக் கிழிக்கும். கீழே ஒரு சல்லடை. அதன் ஓட்டையால் விழும் அளவுக்குச் சிறிதாகும்வரை அடி ஓயாது. மில்லில் தூள் அரைக்கிற ஹாமர் மில்லின் தம்பிதான் இது.

மற்ற விசயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். சத்தம் இரண்டிலும் உண்டு, சுத்தியலில்தான் கூடுதல். எண்ணெய் (பெற்றோல்) செலவும் சுத்தியலுக்குத்தான் கூடுதல். ஒரே அளவான, பார்க்க வடிவான துண்டு வேண்டும் என்றால் கத்தி. தும்பும் தூளுமாகக் கலந்து வரட்டும் என்றால் சுத்தியல். கூட்டெருவுக்கு இரண்டாவதுதான் நல்லது, நார்நாராகப் பிரிந்தது கெதியாக உக்கும். மாட்டுக்குப் புல் நறுக்குகிற மெசினால் இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பச்சைப் புல்லுக்கும் சோளத்தட்டைக்கும் அது அருமை. காய்ந்த மட்டையைக் கொடுத்துப் பழுதாக்கிவிட்டு என்னிடம் வராதீர்கள். இரண்டு உருளை எதிரெதிராக மெல்லச் சுற்றி, பல்லால் கடித்துக் கிழிக்கிற பெரிய ரகமும் உண்டு. ரயரையும் பிளாஸ்ரிக்கையும் கிழிக்கிற சாதனம் அது, வளவுக்காரருக்கு அல்ல.

இனிக் கத்திக்கு வருவோம். நான் தோற்றது அங்கேதான்.

தென்னோலையிலும் பனையோலையிலும் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருக்கிற அதே சரக்கு, நுண்ணிய மணிகளாக இலைக்குள்ளேயே. அது போதாதென்று, விழுந்த மட்டை நாள்கணக்கில் எங்கள் செம்மண்ணில் கிடக்கும். மட்டையின் அடிப்பக்கம் கரண்டி மாதிரிக் குழிந்திருப்பதால் மண்ணை அள்ளி வைத்துக்கொள்ளும். கழுவி யார் போடுவது? பனைமட்டை என்றால் இரண்டு பக்கமும் கருக்கு, கறுப்பாக இறுகி, வாள் பல் மாதிரி. கடையில் வெண்ணெய் வெட்டிய கத்தி என் வளவில் மூன்றாம் நாள் பின்னேரம் மழுங்கிவிட்டது.

கத்தி மழுங்கியது என்பது காதுக்குத்தான் முதலில் தெரியும். "சரக், சரக்" என்று கேட்ட சத்தம் "டப், டப்" என்று மாறும். பிறகு மட்டை வெட்டுப்படாமல் நசுங்கி, நீட்டு நீட்டு நாராக உரிந்து, உருளையைச் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் திணறி நிற்கும். ஒருமுறை அந்த நார் உருளையைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங் பக்கம் போய் இறுகி, அதை ஒரு பழைய மேசைக்கத்தியால் அறுத்தெடுக்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போனது.

கத்தி தீட்டுவது அரத்தால் நாலு இழுப்பு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் போல்ட் நான்கையும் கழற்றவேண்டும், அவை உயர்ந்த இழுவலுவுள்ள போல்ட்கள், முறிந்தால் சாதாரண போல்ட் போடவே கூடாது. இரண்டு கத்தியையும் சோடியாகத்தான் தீட்டவேண்டும். ஒன்றை மற்றதைவிடக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் நிறை மாறும், நிறை மாறினால் உருளை ஆடும், உருளை ஆடினால் பெயரிங் போகும். கிறைண்டரில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலமாகும். நீலம் வந்தால் உருக்கின் பதம் போய்விட்டது, அடுத்த நாளே மழுங்கும். முதல் தடவை நானே தீட்டி, வடிவாக நீலமாக்கினேன்.

இரண்டாம் தடவை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி கத்தியை வாங்கி விளிம்பில் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, உதுக்குள்ள ஓலை விட்டனியளோ, கல்லு விட்டனியளோ?" என்று கேட்டான். விளிம்பில் மூன்று இடத்தில் பல் விழுந்திருந்தது. பழைய வேலியில் இருந்த ஒரு துண்டுக் கட்டுக்கம்பி ஓலையோடு போயிருக்கவேண்டும். அந்தப் பல் மறையும்வரை தேய்த்தால் கத்தியில் அரைவாசி ஆயுள் போய்விடும் என்றான். போனது.

தீட்டி முடிந்தாலும் வேலை முடியாது. கத்தி தேய்ந்து குறுகியிருப்பதால் எதிர்ப்பட்டைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கும். அதை மறுபடி ஒரு மில்லிமீற்றர் அளவுக்குக் கொண்டுவரவேண்டும். நான் ஒரு பழைய கல்யாணக் கார்டை மடித்து இடையில் விட்டு அளவு பார்ப்பேன். இவ்வளவும் செய்து ஓடவிட்டால் திரும்பவும் மூன்று, நான்கு நாள் வேலைக்குத்தான் தாங்கும். புதுக் கத்தி கொழும்பிலிருந்து வரவேண்டும். 2022இல் பொருளாதார நெருக்கடியில் எண்ணெய்க்கே வரிசையில் நின்ற காலத்தில் கத்தி எங்கே வருவது? மெசினுக்கு மேல் ஒரு உரப்பையைப் போர்த்துவிட்டு இருந்துவிட்டேன்.

2023இல் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் சுத்தியல் மெசின் ஓடுவதைப் பார்த்தேன். அவர் மண் படிந்த மட்டையை உதறக்கூட இல்லை, அப்படியே விட்டார். அதைப் பார்த்தபோதே மனம் மாறிவிட்டது.

சுத்தியலுக்குக் கூர் இல்லை, ஆகவே மழுங்கவும் ஒன்றும் இல்லை. தேயும், ஆனால் மெதுவாக. நீள்சதுரத் தகடு, இரண்டு முனையிலும் ஓட்டை. ஒரு மூலை உருண்டதும் புரட்டிப் போடலாம், பிறகு தலைகீழாக மாற்றலாம். ஆக ஒரு தகட்டுக்கு நான்கு ஆயுள். இரும்புத் துண்டு வந்தால் சுத்தியல் ஆணியில் பின்னுக்கு மடிந்து விலகிக்கொடுக்கும். அதற்காக வேண்டுமென்றே கம்பி போடாதீர்கள், சல்லடை கிழியும். தேய்ந்து முடிந்தால் ஊர்ப் பட்டறையிலேயே லொறி ஸ்பிரிங் தகட்டில் வெட்டித் தருவார்கள். ஒன்றே ஒன்று கவனம்: எதிரெதிரே தொங்குகிற சோடி ஒரே நிறையில் இருக்கவேண்டும். பலசரக்குக் கடைத் தராசு போதும். நான் வாங்கி இரண்டு மாரி போய்விட்டது, இதுவரை ஒருமுறைதான் புரட்டியிருக்கிறேன். அதற்கு மேல் ஐந்து, ஆறு வருடத்தில் அந்த ஆணிகளும் ஓட்டைகளும் எப்படி நிற்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

இதன் சக்தி முழுக்க வேகத்தில் இருக்கிறது. சுத்தியலோடு சேர்த்து 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால் சுத்தியலின் நுனி மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று வேகத்தைக் குறைத்தால் அடி விழாது, நார் சுற்றும், கத்தி மெசினின் அதே கதைதான். உள்ளே ஒரு கல் போனால் அது எந்த வேகத்தில் திரும்பி வரும் என்பதையும் இதிலிருந்தே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் உள்ள றப்பர் மறைப்பைக் கழற்றாதீர்கள். கண்ணாடி போடுங்கள். சாரத்தோடு (லுங்கியோடு) கிட்டப் போகாதீர்கள். அடைப்பு எடுக்க முன் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரையும் கழற்றிவிடுங்கள்.

இதற்கும் குறை இருக்கிறது. முதலாவது தூசி. காய்ந்த காவோலை அரைத்தால் ஆளே தெரியாது, முகக்கவசம் இல்லாமல் நின்ற அன்று இரவு முழுக்க இருமினேன். இப்போது முதல் நாள் பின்னேரமே கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைக்கிறேன். இரண்டாவது வாழை. நீர்வேலியில் இருந்துகொண்டு வாழையைப் பேசாமல் விடமுடியாது. குலை வெட்டிய வாழைக்குற்றியில் பெரும்பகுதி தண்ணீர். பச்சையாகப் போட்டால் சல்லடையில் கூழாக அப்பிக்கொள்ளும். சல்லடையைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டு வாழைக்கு ஒரு மட்டை என்று மாறி மாறிப் போட்டால் ஓடும். ஆனால் என் கருத்து, வாழைக்கு மெசினே வேண்டாம். கத்தியால் நாலாக வகிர்ந்து அடுத்த கன்றின் அடியில் கவிழ்த்துவிடுங்கள், ஈரமும் நிற்கும்.

எஞ்சினா மோட்டாரா என்ற கேள்விக்கு 2022 எனக்கு எந்தப் பதிலும் தரவில்லை. பெற்றோல் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்கும் பங்கீட்டில் வந்தது, மின்சாரம் அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை நின்றது. என்னுடையது 6.5 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சின், வளவின் எந்த மூலைக்கும் உருட்டிப் போகலாம், அது போதும். வீட்டு மின்சாரத்தில் பெரிய மோட்டாரைத் தொடக்கினால் விளக்கெல்லாம் மங்கும். மூன்று பேஸ் இணைப்பு உள்ளவர்கள் மோட்டாரை யோசிக்கலாம், நான் அதை ஓட்டிப் பார்த்ததில்லை. லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) வைத்திருப்பவர்கள் அதன் எஞ்சினிலிருந்தே பெல்ட் போட்டு ஓட்டுகிறார்கள். புல்லி அளவை மாற்றி வேகத்தை ஏற்றத் தெரிந்தால் அதுதான் மலிவு.

யார் கத்தி மெசின் வாங்கலாம்? கிளிசிரிடியா, முருங்கை, பூவரசு, வேம்பு என்று பச்சைக் கொப்பும் குழையும்தான் உங்கள் குப்பை என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். மச்சான் ஆடு தின்று மிஞ்சிய தடிகளை அதில் விடுகிறார், துண்டு துண்டாக அழகாக விழுகிறது, மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்குப் போடுகிறார். தரையில் கிடந்ததை உள்ளே விடுவதில்லை. வருடத்தில் இரண்டு தடவை தீட்டுகிறார். திருப்பி விற்கும்போதும் கத்தி மெசினுக்குத்தான் ஆள் கூட வருகிறார்கள், கடையில் கொப்பு வெட்டிக் காட்டுவது பார்க்க நன்றாக இருப்பதால்.

அரைத்து வருவதை நான் மாட்டெருவோடும் பச்சைக் குழையோடும் அடுக்கிக் குவிக்கிறேன். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். முழு மட்டையாகக் குவித்த காலத்தில் இந்தச் சூடு வந்ததே இல்லை. ஒரு எச்சரிக்கை: தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு இப்படியான உக்கிற குவியலில்தான் முட்டையிடும். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருக்கால் புரட்டவேண்டும். புரட்டும்போது வெள்ளைப் புழு கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறேன். கோழிகளுக்கு இப்போது மண்வெட்டிச் சத்தமே அடையாளமாகிவிட்டது.

அடுத்ததாக ஒரு சின்னச் சல்லடை வாங்கி வைத்திருக்கிறேன், 12 மில்லிமீற்றர் ஓட்டை. நாற்றுமேடைக்குத் தேவையான பொடி அதில் வருமா, அடைக்குமா என்று தெரியவில்லை. மழை விட்டு மட்டை காயட்டும், தையில் போட்டுப் பார்க்கலாம்.