கும்பகோணத்தில் ஒரு கடல்மீன் கடை: மீன் சரி, பெயர்ச்சீட்டு தவறு

கும்பகோணத்தில் நன்னீர் வண்ணமீன் கடைகள் பல உண்டு. கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளப்பாறை மீன்களை விற்கும் கடையைச் சென்ற மாதம்தான் பார்த்தேன். தொட்டிகளைப் பராமரிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டவுடன் உப்பளவை அளந்து காட்டினார்கள். மீன் இரை எடுப்பதை நம் கண்முன் காட்டிய பிறகே பையில் பிடித்துப் போடுகிறார்கள்.

குறையெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய சீட்டில்தான். ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டை கொண்ட கோமாளி மீன்களுக்கு 'பெர்குலா, ஆஸ்திரேலியா' என்று எழுதி, பக்கத்துத் தொட்டியின் 'ஓசெல்லாரிஸ்' மீனைவிடக் கூடுதல் விலை போட்டிருந்தார்கள். ஆம்பிப்ரியான் பெர்குலா என்ற அறிவியல் பெயர் கொண்ட பெர்குலா, பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் 1802-இல் பெயரிட்ட இனம். நியூகினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதி ஆகியவை அதன் கடல். கூவியே 1830-இல் பெயரிட்ட ஓசெல்லாரிஸோ அந்தமானிலிருந்து தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியாகத் தென்ஜப்பான் வரை பரவியிருப்பதோடு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலிலும் வாழ்வதால், நாட்டின் பெயரை மட்டும் எழுதி இனத்தை நிறுவ முடியாது. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ண வேண்டும்: பெர்குலாவுக்குப் பெரும்பாலும் 10, ஓசெல்லாரிஸுக்கு 11. மீன் துடுப்பை விரித்த நொடியில் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி இருமுறை எண்ணினேன், 11 இருந்தன. பெர்குலாவின் பட்டைகளை ஒட்டித் தடித்திருக்க வேண்டிய கறுப்புக் கரையும் இதில் நூலளவுதான். கடைக்காரரிடம் சொன்னபோது, "பெட்டியில வந்த பேரைத்தான் சார் ஒட்டுறோம்" என்றார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனாலும் பெயருக்கென்று கூடுதல் பணம் வாங்கும்போது அந்தப் பெயரைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவருடையதே.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது மூலைத் தொட்டி. கருமையான உடல், மஞ்சள் வால், இரண்டே வெள்ளைப் பட்டைகள். அவற்றில் நடுப்பட்டை பின்புறம் சாய்ந்து முதுகுத் துடுப்புக்குள் ஏறியிருந்தது. பிளீக்கர் 1853-இல் பெயரிட்ட ஆம்பிப்ரியான் செபே அது. நமக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவிலேயே வாழும் அந்த மீனுக்கு 'கறுப்புக் கோமாளி' என்பதற்கு மேல் ஊரும் இல்லை, பேரும் இல்லை. விலையும் எல்லாவற்றிலும் குறைவு.

அதில்தான் ஒரு சோடி வாங்கினேன். கோமாளி மீன்களில் பெரியதே பெண்ணாக மாறும் என்பதறிந்து, ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் பார்த்துப் பிடித்துத் தந்தார்; பிராணவாயு நிரப்பிய பையில் இரண்டும் திருவையாறு வரை பேருந்தில் நலமாகவே வந்து சேர்ந்தன.