மூன்று கோடை கண்ட இருட்டுப் பெட்டி

"மூணு பக்கமும் அடைச்சு, ஒரு பக்கம் மட்டும் துணி தொங்கணுமா? இது என்ன தம்பி, புறாக் கூண்டா?" என்றார் ஆசாரி. போட்டோ கழுவுற பெட்டி என்றேன். "அதான் போன்லயே வருதே" என்று முனகிக்கொண்டே பென்சிலைக் காதில் செருகினார். அது நடந்து மூன்று வருடமாகிறது. அந்தப் பெட்டியோடுதான் மதுரையைச் சுற்றி அலைந்துகொண்டிருக்கிறேன்.

நான் படம் எடுக்கும் ஈரத்தட்டு முறையை 1851இல் வெளியிட்டவர் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர். கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற ஈதர் கலந்த பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, சில்வர் நைட்ரேட் தொட்டியில் மூன்று நிமிடம் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். நம்மூர் வெயிலில் பத்து நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவும் பேச்சே இல்லை. கேமரா போகுமிடமெல்லாம் இருட்டறையும் கூடவே போக வேண்டும்.

அளவு: மூன்றடி அகலம், இரண்டடி உயரம், இரண்டடி ஆழம். 12 மில்லி பிளைவுட். பின்பக்கம் டைலரிடம் தைத்த இரட்டைத் துணிப் பாவாடை. அதற்குள் தலையையும் கையையும் நுழைத்து இடுப்பில் நாடாவை இறுக்கிக்கொள்வேன். எதிரே சிவப்பு ஜன்னல். நாலு இன்ச்சுக்கு ஐந்து இன்ச் தட்டுக்கு இது தாராளம். எடைதான் தப்பாகிப்போனது. காலிப் பெட்டியே 24 கிலோ. உறுதியாக இருக்கட்டுமென்று 12 மில்லி கேட்டது நான்தான். சட்டம் அடித்து ஆறு மில்லி போட்டிருந்தால் பாதியில் முடிந்திருக்கும். ஆம்னியில் ஏற்றி இறக்க இன்றைக்கும் இன்னொரு ஆள் வேண்டும்.

முதல் மாதம் எல்லாத் தட்டிலும் வலது ஓரம் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. கெமிக்கலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உச்சி வெயிலில் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உள்ளேயே நின்றேன். கண் பழகியதும் கீல் ஓரத்தில் நட்சத்திரம் மாதிரி ஐந்தாறு ஓட்டை. கறுப்பு ஃபெல்ட் பட்டை ஒட்டியதும் கோடு போனது. ஜன்னலும் ஏமாற்றியது. முதலில் ஒட்டியிருந்த சிவப்பு ஜெலட்டின் தாள் ஒரே கோடையில் வெளுத்துவிட்டது. கொலோடியனுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் நன்றாகவே தெரியும். இப்போது இருப்பது சிவப்பு அக்ரிலிக், இரண்டு அடுக்கு. சோதிக்க ஒரு ரூபாய் போதும்: முக்கியெடுத்த தட்டில் நாணயத்தை வைத்து இரண்டு நிமிடம் பெட்டிக்குள் விட்டு டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரிந்தால் எங்கோ ஒளி கசிகிறது.

ஆனால் ஒளியை அடைப்பது சின்ன வேலை. சூட்டை மறந்துதான் இந்தப் பெட்டியைக் கட்டியிருக்கிறேன் என்று சித்திரை மாதம் சொல்லிக்கொடுத்தது. வெளியில் அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தேன். பதினோரு மணிக்கு உள்ளே தெர்மாமீட்டர் 43 டிகிரி. படத்தை எழுப்பும் டெவலப்பரை ஊற்றிப் பதினைந்து எண்ணுவது வழக்கம். ஆறு எண்ணுவதற்குள் தட்டு முழுக்கச் சாம்பலாகிவிடும். 1855இல் கிரிமியப் போருக்கு வண்டியையே இருட்டறையாக்கிக் கொண்டுபோன ரோஜர் ஃபென்டனும் உள்ளிருந்த சூட்டைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். குளிர்நாட்டுக்காரரையே படுத்தியது, நான் எம்மாத்திரம்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினேன். வெளிப்பக்கம் வெள்ளைப் பெயின்ட். துணியிலும் வெளி அடுக்கு வெள்ளை, உள் அடுக்கு கறுப்பு. டெவலப்பர் நிதானமாக வேலை செய்ய அதில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் குறைத்து அசிட்டிக் ஆசிடைக் கூட்டினேன். எல்லாவற்றையும் விட உதவியது நனைத்த சாக்கு. பெட்டி மேல் போட்டு அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தால், நம் வறண்ட காற்றுக்கு உள்ளே சூடு கணிசமாக இறங்குகிறது. அப்படியும் பங்குனி முதல் ஆனி வரை காலை ஒன்பதரைக்கு மேல் நான் தட்டு போடுவதில்லை. வெயிலால் ஒரே லாபம்: சில்வர் தொட்டித் தண்ணீர் அழுக்கேறினால் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மாடியில் வைத்தால் போதும், அழுக்கு கறுப்பாக அடியில் இறங்கிவிடும். வடிகட்டிக்கொள்ளலாம்.

கொலோடியனைப் பெட்டிக்குள் ஊற்றவே கூடாது. அதிலுள்ள ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதிக்கும், தீப்பிடிக்கும், ஆவி கனமானதால் அடியில் தேங்கும். தலையை உள்ளே விட்டுக்கொண்டு அதை மோந்தால் கிறுகிறுக்கும். சில்வரில் முக்கும்வரை தட்டுக்கு ஒளி ஆகாது என்று எதுவுமில்லை; மரநிழலில் நின்றே ஊற்றலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் வருடம் உள்ளேயே ஊற்றித் தலைவலியோடு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. படத்தை நிலைநிறுத்தும் (ஃபிக்ஸ் செய்யும்) ஹைப்போ கரைசலுக்கும் உள்ளே இடமில்லை. அதில் ஒரு துளி சில்வர் தொட்டிக்குள் விழுந்தால் மொத்தப் பணமும் பாழ். டெவலப் செய்து நன்றாக அலசிவிட்டால் தட்டை வெளிச்சத்தில் எடுத்தே ஹைப்போவில் போடலாம். ஹைப்போவுக்குப் பதில் சயனைடில் ஃபிக்ஸ் செய்தால் படம் பளிச்சென்று வருமாம். எனக்கு வேண்டாம்.

சில்வர் சொட்டாத நாளே கிடையாது. உள்பக்கத் திருகாணிகள் ஆறு மாதத்தில் துரு. கீல், கொண்டி எல்லாவற்றையும் வெளிப்பக்கம் மாற்றி, உள்ளே எபாக்சி பூசி, அடியில் பிளாஸ்டிக் ட்ரேயும் வாளிக்கு ஒரு குழாயும் வைத்தேன். முகம் தொட்டிக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குனியாதீர்கள். சில்வர் நைட்ரேட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். என் வலது புருவத்துக்கு மேல் பத்து நாள் ஒரு கரும்புள்ளி இருந்தது. பார்த்தவர்களெல்லாம் திருஷ்டிப் பொட்டா என்று கேட்டார்கள்.

போன மார்கழியில் கீழக்குயில்குடி அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் பெட்டியை இறக்கினேன். இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே தெரிய நான் உள்ளே நிற்கிறேன். பாவாடைக்கு வெளியே ஒரு பாட்டியின் குரல்: "ஏப்பா, உள்ள மூச்சு முட்டலையா?" இரண்டு நிமிசம் பாட்டி என்றேன். அவர் போகவில்லை. தட்டை வெளியே கொண்டுவந்து ஹைப்போவில் போட்டதும், பால் மாதிரி இருந்தது ஓரத்திலிருந்து விலகிக் கறுத்து, ஆலவிழுதும் கோயில் குதிரையின் கால்களும் எழுந்து வந்தன. பாட்டி குனிந்து பார்த்தார். "சாமி குதிரை தலையக் காணோமே?"

உண்மைதான். கேமராவை ரொம்பத் தாழ்வாகப் பார்க்க வைத்துவிட்டேன்.

அடுத்த பெட்டிக்கு ஆறு மில்லி பலகை வாங்கிச் சுவரில் சாய்த்திருக்கிறேன். ஆசாரி ஆடி கழியட்டும் என்கிறார்.