கைக்குழந்தையுடன் வேலூர்: சீட்டுக்கு முன்னால் பெல்ட்டைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து வேலூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கித்தான் வருகிறார்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூர் சுமார் 130 கிலோமீட்டர், பெங்களூர் விமான நிலையத்திலிருந்து 200-க்கு மேல். கைக்குழந்தை இருந்தால் விமானத்துக்கு மட்டும் மாதக்கணக்கில் யோசிக்கிறோம்: தொட்டில் கிடைக்குமா, பால் பவுடரை விடுவார்களா, காது வலிக்குமா என்று. உண்மையில் ஆபத்து அதிகம் உள்ளது இறங்கிய பிறகு வரும் மூன்று மணி நேர நெடுஞ்சாலைப் பயணத்தில்தான். அதைப் பெரும்பாலோர் “ஊருல இருந்து வண்டி வருது” என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை டிராவல்ஸ்காரர்களிடம், காரில் குழந்தையைக் கட்டி உட்கார வைக்கும் குழந்தை சீட் கேட்டால் பெரும்பாலும் “இல்லைங்க” என்றுதான் பதில் வரும். ஆப்பில் பிடிக்கிற டாக்ஸியிலும் அதே கதைதான். “மடியில வெச்சுக்குங்கம்மா, நான் மெதுவாத்தான் போவேன்” என்பார் டிரைவர். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் கணக்கு ஒத்துவராது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 7 கிலோ குழந்தை கையை இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 100 கிலோ கனத்துக்குச் சமம். எந்த அம்மாவின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. அம்மா போட்டிருக்கும் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம்: அம்மாவின் மொத்த எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும். ஆகவே சீட் கையோடு வர வேண்டும். இந்தியச் சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். சாலையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

சீட் கொண்டுவந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் விமான நிலைய பார்க்கிங்கில், விடியற்காலை மூன்று மணிக்கு, மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் டாக்ஸியின் பின்சீட் பெல்ட். மேலே டவல் துணியிலோ ரெக்ஸினிலோ சீட் கவர் போட்டிருப்பார்கள். பெல்ட்டின் நாக்கு வெளியே தொங்கும், அது மாட்ட வேண்டிய பக்கிள் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். இரவில் பெட்டிகளுக்கு நடுவே நின்று அதைத் தோண்டி எடுக்க முடியாது. வண்டி சொல்லும்போதே, “பின்சீட் பெல்ட், பக்கிள் ரெண்டும் வெளியே எடுத்து, மாட்டி, போட்டோ அனுப்புங்க” என்று கேட்டுவிட வேண்டும். வேலூரிலிருந்து வண்டி கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட வேண்டும். வராவிட்டால் வேறு வண்டி பாருங்கள். இந்த ஒரு கேள்வியைப் போல வேறெதுவும் பயன்படாது.

அடுத்த சிக்கல் முக்கியமாக அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு. அங்கே பயணிகள் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து விட்டால், உள்ளே போகும்போது டிக் டிக் என்று சத்தம் வந்து பூட்டிக்கொள்ளும். அமெரிக்க சீட்டுகள் பல இந்தப் பூட்டை நம்பியே செய்யப்பட்டவை. இங்கே கார்களில் அந்தப் பூட்டு பொதுவாக இருக்காது. திடீரென்று பிரேக் அடித்தால் மட்டும் பிடிக்கும் பெல்ட்தான். முதலில் இறுக்கிக் கட்டினால் கல் மாதிரி இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள், ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, சீட் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இதற்கு மூன்று வழி உண்டு. சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருந்தால் அதை மூடிவிடலாம், வேறொன்றும் வேண்டாம். அது இல்லை என்றால் எச் வடிவ உலோகக் கிளிப் வேண்டும். பழைய சீட்டுகளில் அடியிலோ முதுகுப் பக்கத்திலோ ஒட்டியே வரும்; இல்லாவிட்டால் சீட் தயாரித்த நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளலாம். அந்த சீட்டின் கையேடு கிளிப்பை அனுமதிக்கிறதா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பாருங்கள். பெல்ட்டை சீட்டின் வழியே நுழைத்து பக்கிளில் மாட்டுங்கள். முழங்காலை வைத்து சீட்டை அழுத்திக்கொண்டு, தோள் பக்கப் பட்டையை மேல்நோக்கி இழுத்து இறுக்குங்கள். நாக்குக்குப் பக்கத்தில் இடுப்புப் பட்டை, தோள் பட்டை இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடியுங்கள். பிடியை விடாமல் பக்கிளைக் கழற்றி, நாக்கிலிருந்து 2.5 சென்டிமீட்டருக்குள் கிளிப்பை இரண்டு பட்டைக்கும் சேர்த்து மாட்டி, திரும்ப பக்கிளில் போடுங்கள். திரும்பப் போடும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. துணி கிளிப், கயிறு, பின் எதுவும் இதற்கு மாற்று ஆகாது.

மூன்றாவது வழி, கைப்பிடி வைத்த பச்சிளங்குழந்தை சீட்டுகளுக்கு: காரிலேயே பொருத்தி வைக்கும் அடித்தளத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு சீட்டை மட்டும் கட்டுவது. சிலவற்றில் தோள் பட்டையை சீட்டின் முதுகைச் சுற்றிக் கொண்டுபோக வழி இருக்கும். அப்படி உள்ள சீட்தான் இங்கத்திய டாக்ஸிக்கு மிகத் தோதானது; பெட்டியில் சில கிலோவும் மிச்சம். பெல்ட் இல்லாமலே சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் புதிய கார்களில் இருக்கின்றன, ஆனால் வருகிற டாக்ஸியில் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். துபாய், சிங்கப்பூர், ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பூட்டுத் தொல்லை குறைவு. அந்த சீட்டுகள் பெரும்பாலும் இதே மாதிரி பெல்ட்டுக்காகச் செய்தவை. ஆஸ்திரேலிய சீட்டுக்கு, அதன் மேல்பகுதியைக் காரோடு கட்டும் மேல்பட்டை கட்டாயம் வேண்டும். அதை மாட்டும் கொக்கி பழைய வண்டிகளில் இருக்காது என்பதால் அதைத் தூக்கிக்கொண்டு வருவதில் பயனில்லை.

பழைய செடான் டாக்ஸிகளில் பின்சீட் நடுவில் இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் இருக்கும். பெரியவர்களுக்கு அது தோள் பட்டையும் உள்ள பெல்ட் அளவுக்குக் காப்பு ஆகாது. கையால் இழுத்து இறுக்கினால் அப்படியே நிற்பதால், இடுப்புப் பெல்ட்டில் கட்ட அனுமதிக்கும் பின்னோக்கிய சீட்டுக்கு (குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்) அது கிளிப்பே இல்லாமல் பொருந்தும். பெரிய வண்டிகளில் கடைசி வரிசை வேண்டாம், நடு வரிசை ஜன்னல் பக்கம் கட்டுங்கள். முன்சீட்டில் ஏர்பேக் இருந்தால் பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிந்தால் நேராகக் குழந்தையின் தலைப் பக்கத்தில்தான் அறையும்.

இரண்டு வயது வரையாவது குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். தலை நிற்காத குழந்தைக்குச் சாய்வு 45 டிகிரி அளவுக்கு வேண்டும். நிமிர்ந்தால் தாடை நெஞ்சில் விழுந்து மூச்சு அடைபடும். சீட் அதிகம் நிமிர்ந்திருந்தால், கையேடு அனுமதிக்கும் பட்சத்தில், ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டி, காரின் முதுகுச் சாய்வும் இருக்கையும் சேரும் மடிப்பில், அதாவது குழந்தையின் கால் பக்கத்துக்கு அடியில் வையுங்கள். தோள்வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். தோளருகே வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு விழக் கூடாது. நெஞ்சு கிளிப் இருந்தால் அக்குள் மட்டத்தில்.

ஊர் வந்ததும் கூடுதலாகப் பார்க்க வேண்டியது நகை. ஆயா ஆசையாகக் கட்டிய அரைஞாண், அதில் கோத்த தாயத்து இரண்டும் கால் நடுவில் வரும் பக்கிளுக்கு அடியில் சரியாகப் போய் உட்காரும். வாரை இறுக்கினால் வயிற்றில் குத்தும். குழந்தை அழுகிறதே என்று வாரைத் தளர்த்துவார்கள், தாயத்து காரணம் என்று யாருக்கும் தோன்றாது. பயணத்துக்கு முன் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். கழுத்துச் சங்கிலியைக் கட்டாயம் கழற்றுங்கள்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளிநாட்டில் வளர்ந்த மருமகனுக்கோ மருமகளுக்கோ சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறும். சீட்டின் உலோக நாக்கு தொடையில் பட்டால் கொப்புளம் வந்துவிடும். இறங்கும்போது சீட் மேல் வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டு, திரும்ப வந்ததும் உலோகத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்ரீபுரம், ரத்தினகிரி என்று கோயில் வாசலில் “தூங்குது, நான் வண்டியிலயே இருக்கேன்” என்று டிரைவர் சொன்னாலும் குழந்தையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓடும் வண்டியில் வெயில் படுகிறது என்று சீட் முழுவதையும் துணியால் மூடுவதும் தவறு. உள்ளே காற்று நின்று சூடேறும். துணி ஜன்னலுக்குத்தான்.

நேரம் பற்றி. நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானங்கள் பல. வேலூரிலிருந்து காலையிலிருந்து ஓட்டிவிட்டு வந்த டிரைவரா, தூங்கி எழுந்து வந்தவரா என்று கேளுங்கள். மூன்றிலிருந்து ஐந்து மணி வரை கண் சொக்கும் நேரம். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் குழந்தை சீட்டில் இருக்கக் கூடாது. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அரை மணிக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். சற்றுப் பெரிய குழந்தை என்றால், சென்னையிலிருந்து வரும்போது காஞ்சிபுரம் பக்கம் ஒரு நிறுத்தம் போதும். அழுதால் ஓரமாக நெடுஞ்சாலையிலேயே நிறுத்தாமல் சுங்கச்சாவடி தாண்டியோ ஹோட்டல் வளாகத்திலோ நிறுத்தச் சொல்லுங்கள். வழியில் ஏதாவது என்றால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. ராணிப்பேட்டையில் இதே நெடுஞ்சாலையை ஒட்டி சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் புதிய வளாகம் 2022 முதல் இருக்கிறது. விபத்துச் சிகிச்சைப் பிரிவும் அங்கே உண்டு.

வீட்டுக்கு வந்தும் சீட்டில் தூங்கும் குழந்தையை அப்படியே தரையில் வைக்காதீர்கள். எடுத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

ஊருக்குள் ஆட்டோதான் எல்லோருக்கும் கை கொடுக்கிறது, அதில் சீட் கட்ட வழியே இல்லை. கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் குழந்தையோடு தொங்குவதைவிட, தனி ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்து, நெஞ்சோடு அணைக்கும் கேரியரில் குழந்தையை வைப்பது பரவாயில்லை. ஆனால் விபத்தில் அது காப்பு ஆகாது. சித்தப்பாவின் ஸ்கூட்டரில் “பக்கத்துலதான்” என்ற அழைப்பு வரும். 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார் வேண்டும், 9 மாதத்திலிருந்து ஹெல்மெட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 9 மாதத்துக்குக் கீழே ஸ்கூட்டரே வேண்டாம்.

இனி விமானம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கினால் சீட்டை உள்ளே கொண்டுபோகலாம், அதுதான் பாதுகாப்பானது. அமெரிக்க சீட் என்றால், காருக்கும் விமானத்துக்கும் சான்று பெற்றது என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மற்ற நாட்டு சீட்டுக்கு விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஜன்னலோரம்தான் வைக்க விடுவார்கள். அகலம் 16 அங்குலத்துக்குள் இருந்தால் எகானமியில் சிரமமில்லாமல் அமரும். 10 முதல் 20 கிலோ வரை, நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கு கேர்ஸ் என்ற வார் இருக்கிறது. கைப்பைக்குள் அடங்கும், ஆனால் காருக்கு உதவாது.

மடியில்தான் என்றால், இந்திய, வளைகுடா, ஐரோப்பிய விமானங்களில் பெரியவர் பெல்ட்டில் கோக்கும் வளையப் பெல்ட் கொடுப்பார்கள். அமெரிக்க நிறுவனங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடையாது, நெஞ்சு கேரியரும் கிடையாது. தொட்டிலில் தூங்கினாலும் பெல்ட் விளக்கு எரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும், தூக்கம் கலையுமே என்று பார்க்காதீர்கள். காது அடைப்புக்கு, இறங்குவதற்கு அரை மணி முன்பிருந்தே பாலோ சூப்பானோ கொடுத்துக்கொண்டே இருங்கள். “நல்லா தூங்கும்” என்று சொல்லிக் கொடுக்கும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். ஃபெனர்கன் என்ற ஒவ்வாமை மருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சைத் தாழ்த்திவிடக்கூடும். அந்த வயதுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

சீட்டை லக்கேஜில் போட்டால், பெட்டிகள் வரும் ஓடும் பெல்ட்டில் வந்ததும் அங்கேயே உறையைத் தூக்கி நுரைப் பகுதியில் விரிசல் இருக்கிறதா, பக்கிள் டக்கென்று பூட்டுகிறதா என்று பாருங்கள். விமானத்தில் ஏறும் வாசலில் ஒப்படைத்த சீட்டும் சென்னையில் சில சமயம் பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வரும். சீட் வராமலே போனால் அன்றிரவு சென்னையிலேயே தங்கி, மறுநாள் கடையில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து போட்ட தர முத்திரை உள்ள சீட் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். காட்பாடிக்கு ரயிலும் உண்டு. பழைய சீட்டை இரவல் வாங்கினால் காலாவதித் தேதியைப் பாருங்கள், மோதிய வண்டியில் இருந்ததா என்று கேளுங்கள்.

ஊரில் இருக்கும்போதே குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பினால், திரும்பும் பயணத்துக்கு மடி டிக்கெட் செல்லாது, தனி இருக்கை வாங்க வேண்டும். கவுண்டரில் போய்த் தெரிந்துகொண்டால் அன்றைய விலைதான். முதலில் டிக்கெட் போடும்போதே பிறந்த தேதியைச் சரியாகக் கொடுத்து இதைச் சேர்த்துவிடுங்கள்.