காவ்சான் ரோடில் பஸ்-படகு டிக்கெட் வாங்கப் போகிறீர்களா?

பாங்காக், சியாங் மாய், அப்புறம் தெற்கே ஒரு தீவு. ஏஜென்ட் இல்லாமல் தாய்லாந்து போகிற பலரும் போடும் திட்டம் இதுதான், நாங்களும் அதையே போட்டோம். முதல் இரண்டு ஊர்களில் குறை ஒன்றும் இல்லை. சியாங் மாயில் காவ் சோய் (தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ்) சாப்பிடவே இன்னொரு தடவை போகலாம். பணம் பறிபோனது மூன்றாவது கட்டத்தில், பாங்காக்கிலிருந்து கடலுக்குப் போகும் வழியில்.

பாங்காக்கில் பேக்பேக்கர்கள் கூடும் காவ்சான் ரோடுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. வாசலில் அரசாங்க அலுவலகம் மாதிரி "சுற்றுலாத் தகவல்" என்று போர்டு. தாய்லாந்து சுற்றுலா ஆணையத்தின் நிஜமான தகவல் மையத்தில் மேப்பும் விவரமும் கொடுப்பார்கள், டிக்கெட் விற்க மாட்டார்கள். தகவல் என்று போர்டு போட்டுவிட்டுக் கல்லாப்பெட்டி வைத்திருந்தால் அது கடைதான்.

நாங்கள் கேட்டது கோ சமுய். போனது ஆகஸ்ட் மாதம். கேரளாவை நனைக்கிற அதே தென்மேற்குப் பருவமழைதான் மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் பக்கத்தையும் அடித்துத் துவைக்கும்: புக்கெட், கிராபி, ஃபீ ஃபீ எல்லாம் அந்தப் பக்கம். சமுய், பங்கான் தீவுகள் இருக்கிற தாய்லாந்து வளைகுடாப் பக்கம் அப்போது கொஞ்சம் அமைதியாக இருக்கும், அங்கே பெருமழை அக்டோபருக்கு மேல்தான். இதையெல்லாம் பார்த்துத்தான் சமுய் என்று முடிவு செய்திருந்தோம்.

கடைக்காரப் பெண் யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு, "சமுய் ஃபுல்" என்றார். உடனே ஒரு ஆல்பத்தைத் திறந்து, ஃபீ ஃபீ தீவுகளில் இருக்கிற மாயா பே கடற்கரையின் படத்தைக் காட்டினார். கிராபி வழியாகப் பஸ், படகு, மாயா பே சுற்றுலா, மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஒரே விலை. "கடல் எப்படி?" என்று மச்சான் கேட்டதற்கு, "எவ்ரிடே போட், நோ ப்ராப்ளம்."

மாயா பே ஆகஸ்ட், செப்டம்பரில் வருடாவருடம் மூடியிருக்கும். கூட்டத்தால் பவளப்பாறை பாழாகி 2018-இல் மூடியவர்கள் 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அதன் பிறகு மழைக்காலத்தில் இப்படி ஓய்வு விடுகிறார்கள். தினமும் அதையே விற்கிறவருக்கு இது தெரியாதா? எதிரே தொங்கிய காலண்டரில் எங்கள் தேதியைப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே விற்றார்.

சாயங்காலம் சட்டையில் ஆளுக்கொரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அசல் ரசீதை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக ஒரு துண்டுச் சீட்டு. 'விஐபி' பஸ்ஸில் பைகளைக் கீழே போடச் சொன்னார்கள். இந்த ராத்திரி பஸ்களில் கீழ்த்தட்டுப் பைகளைக் குடைவது பழைய தொழில். மச்சான் பையிலிருந்த பவர் பேங்கும் கொஞ்சம் பாட் நோட்டும் விடியும்போது இல்லை. பையைப் பூட்டியிருந்தார், ஜிப்பை மட்டும் நெம்பி எடுத்திருக்கிறார்கள்.

இருட்டு விலகும் முன்பே சூரத் தானியில் ஒரு தகரக் கொட்டகையில் இறக்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, டீக்குக் கொள்ளை விலை. மஞ்சள் ஸ்டிக்கர் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று ஆள் பிரித்தார்கள். ரொம்ப நேரம் காக்க வைத்து மினிவேனில் அடைத்தார்கள். அது கிராபி ஊருக்குள் போகாமல், வெளியே நெடுஞ்சாலை ஓரம் இன்னொரு அலுவலகத்தில் நின்றது.

அங்கிருந்தவர் துண்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிராபி ஃபினிஷ்" என்றார். படகுத்துறைக்கு வண்டி தனிக் காசு. மாயா பே மூடியிருக்கிறது என்று அவரே சொன்னார், எவ்வளவு நேர்மை! வேறு தீவுகளைக் காட்ட இன்னொரு தொகை. தேசியப் பூங்காக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட், அதுவும் தனி. இந்தக் கட்டணம் மட்டும் நிஜமானது. ஆனால் "எல்லாம் சேர்த்து" என்று விற்றதில் அது சேரவில்லை. வேண்டாம் என்று கிளம்பி, சோங்தேவ் (ஷேர் வண்டியாக ஓடும் பிக்கப்) பிடித்து, கிராபி பக்கத்துக் கடற்கரையான ஆவ் நாங் போய்ச் சேர்ந்தோம். கலங்கிய கடல், கரையில் சிவப்புக் கொடி.

சுற்றுலாப் போலீஸ் எண் 1155. கூப்பிட்டதும் ஆங்கிலத்தில் பொறுமையாகவே கேட்டார்கள். ரசீது, கடையின் லைசென்ஸ் எண், மாயா பே என்று எழுத்தில் இருக்கிறதா, இவைதான் கேள்விகள். ரசீதே கைவிட்டுப் போயிருந்தது. துண்டுச் சீட்டில் ஒரு சீலும் 'கிராபி' என்ற சொல்லும் மட்டும். பைசா திரும்பவில்லை.

தெற்கே போக வழிக்கா பஞ்சம்? பாங்காக்கின் பெரிய ரயில் நிலையமான குருங் தேப் அபிவாட்டிலிருந்து சூரத் தானிக்கு ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டே போகலாம் (கிராபிக்கும் புக்கெட்டுக்கும் ரயில் கிடையாது). தெற்கே போகும் பஸ்கள் கிளம்பும் சாய் தாய் மாய் பஸ் நிலையக் கவுன்டரிலேயே டிக்கெட் வாங்கலாம். டோன் முவாங் ஏர்போர்ட்டிலிருந்து உள்நாட்டு விமானமும் உண்டு. படகு டிக்கெட்டைப் படகுக் கம்பெனியிடமே தனியாக எடுங்கள். சந்துக் கடையில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸையும் ரசீதையும் பணம் கொடுக்கும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். எந்தப் படகுத்துறை, எந்தத் தீவு, எது சேர்த்தி என்பதை அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்ட வருகிறவரிடம் ரசீதைக் காட்டினால் போதும், கையில் கொடுக்காதீர்கள்.