கண்ணுக்கு எது: பீட்டா கரோட்டினா, லூட்டினா, இல்லை கீரையே போதுமா?

மருந்துக்கடையில் போய் "கண்ணுக்கு ஏதாவது நல்ல மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் நாலைந்து டப்பாவை எடுத்து வைப்பார்கள். ஒன்றில் பீட்டா கரோட்டின், இன்னொன்றில் லூட்டினும் ஸியாக்ஸாந்தினும், அடுத்ததில் அஸ்டாக்ஸாந்தின், கடைசியில் இருப்பதில் இது எல்லாம் கலந்து மேலே கொஞ்சம் ஒமேகா-3 என்கிற மீன் எண்ணெய்க் கொழுப்பு. அதைத் தவிர மற்ற எல்லாமே கரோட்டினாய்டு குடும்பம்தான், அதாவது காய்க்கும் பூவுக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக நிறம் கொடுக்கிற சங்கதிகள். ஆனால் உடம்புக்குள் போனபிறகு ஒவ்வொன்றின் வேலையும் வேறு, ஆபத்தும் வேறு.

முதலில் பீட்டா கரோட்டின், நம் கேரட் சரக்கு. உடம்பு இதைத் தேவைக்கேற்ப வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், முற்றினால் கருவிழியே கெட்டுப் பார்வை போகும். அதனால்தான் 1970-லிருந்து இந்தியாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் ஊட்டுகிறார்கள். அது குறைபாட்டை நிரப்புகிற வேலை, அதில் கேள்வியே இல்லை. குறைபாடே இல்லாத, மூன்று வேளை நன்றாகச் சாப்பிடுகிற நாற்பது வயதுக்காரர் மாத்திரையாக விழுங்கினால் பார்வை கூடுமா என்றால், கூடாது. கேரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியதற்கு இரண்டாம் உலகப்போர் காலத்துப் பிரிட்டிஷ் பிரசாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ராத்திரியில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியது ரேடார் புண்ணியத்தில், பேர் வாங்கியது கேரட்.

பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே என்று விடவும் முடியாது. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட ஆண் புகைபிடிப்பாளர்களை வைத்து நடந்த ஆய்வு, தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது அது 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற இன்னொரு ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆகவே பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களும், முன்பு பிடித்து இப்போது நிறுத்தியவர்களும் இந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம். கேரட் பொரியலுக்கு இந்தத் தடை கிடையாது, பயப்படாமல் சாப்பிடலாம். மிஞ்சிமிஞ்சிப் போனால் உள்ளங்கை மஞ்சளாகும், குறைத்தால் சரியாகிவிடும்.

அடுத்து லூட்டின், ஸியாக்ஸாந்தின். என் கணக்கில் இந்த மாத்திரைகளில் பேசத் தகுந்தது இந்த ஜோடி மட்டும்தான். விழித்திரையின் நடுவே, நாம் எழுத்துப் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படுத்துகிற சின்னப் பகுதி மாக்குலா. அங்கே போய்ச் சேருகிற கரோட்டினாய்டுகள் இவைதான், உள்ளே வரும் நீல ஒளியில் கொஞ்சத்தை வடிகட்டுகின்றன. வயதானால் அந்த இடம் தேய்ந்து நடுப்பார்வை மங்கும் நோய் ஒன்று உண்டு, மாக்குலா சிதைவு. அதற்காக அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் நடத்திய அரெட்ஸ் ஆய்வின் முடிவு 2001-ல் வந்தது. வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், பீட்டா கரோட்டின் சேர்ந்த கலவை, நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பை ஐந்து வருடத்தில் சுமார் 25 சதவீதம் குறைத்தது. சிகரெட் பிரச்சினை தெரிந்த பிறகு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு 10 மி.கி. லூட்டினும் 2 மி.கி. ஸியாக்ஸாந்தினும் போட்டுப் பார்த்ததுதான் அரெட்ஸ்-2. 2013-ல் வந்த முடிவு: மாற்றியதால் பலனில் நஷ்டம் இல்லை, சிகரெட் பிடித்தவர்களுக்கு ஆபத்தும் குறைந்தது. ஒமேகா-3 சேர்த்துப் பார்த்ததில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் இன்றுவரை டப்பா மேல் பெரிய எழுத்தில் அதைத்தான் போடுகிறார்கள்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பழைய கலவையோடு லூட்டினைக் கூடுதலாகச் சேர்த்ததில் மொத்தக் கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சாப்பாட்டில் லூட்டின் ரொம்பக் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. கீரையே தொடாதவனுக்கு மாத்திரை உதவுகிறது, தினம் சாப்பிடுகிறவனுக்கு அவ்வளவாக இல்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். "மாரிகோல்டு எக்ஸ்ட்ராக்ட் 50 மி.கி." என்று முன்னால் இருக்கும், பக்கத்தில் "20% லூட்டின்" என்று இருந்தால் உள்ளே இருப்பது 10 மி.கி. சதவீதமே போடவில்லை என்றால் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழியில்லை, அதைக் கீழே வைத்துவிடுங்கள். இந்த மாரிகோல்டு வேறொன்றுமில்லை, நம் செண்டுமல்லி. கர்நாடகத்தில் குண்டல்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் சாலையோரம் வயல் வயலாகப் பார்த்திருப்பீர்கள், அதில் நிறைய மாலைக்குப் போவதில்லை, சாறு எடுக்கிற ஆலைக்குப் போகிறது. கோழித் தீவனத்திலும் அந்தச் சாற்றைச் சேர்ப்பதுண்டு, மஞ்சள் கரு நல்ல நிறமாக வர.

அஸ்டாக்ஸாந்தின், சால்மன் மீனுக்குச் சிவப்புக் கொடுப்பது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண் சோர்வதற்கு நல்லது என்று விற்கிறார்கள். ஆதாரம் எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள்தான், விலையோ மற்றதை விட அதிகம். திரையைப் பார்த்துக் கண் எரிந்தால் பெரும்பாலும் நாம் இமைக்க மறக்கிறோம் என்று அர்த்தம், அதற்கு மாத்திரை தேவையில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, அகத்தி, சிறுகீரை எல்லாவற்றிலும் லூட்டினும் பீட்டா கரோட்டினும் சேர்ந்தே இருக்கின்றன. கொழுப்பில் கரைகிற சரக்கு என்பதால் வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பிழிந்து தின்றால் பாதி வீண். நல்லெண்ணெயில் தாளித்து, கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவி இறக்குகிற நம்மூர்ப் பொரியல்தான் சரியான வழி. முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் லூட்டினை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும், ஆனால் அளவு கம்மி, ஒரு கருவில் கிட்டத்தட்ட கால் மில்லிகிராம். பத்து மில்லிகிராமுக்கு நாற்பது முட்டை, யாரால் முடியும்? அந்த இடத்தில் கீரைதான் ஜெயிக்கிறது.

ஆக, மாக்குலா சிதைவு நடுத்தர நிலையில் இருக்கிறது, அல்லது ஒரு கண்ணில் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு அரெட்ஸ்-2 கலவை, அதுவும் அவர் எழுதிக்கொடுத்தால். அதில் துத்தநாகம் 80 மி.கி. வரை இருக்கும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். மற்றவர்களுக்குக் கீரையே போதும். கண்ணாடி பவர் குறையும், புரை வராது, சர்க்கரையால் கெட்ட விழித்திரை திரும்பும் என்று யாராவது சொல்லி விற்றால் வாங்காதீர்கள், எந்த டப்பாவுக்கும் அந்தச் சக்தி கிடையாது.

ஐம்பது தாண்டியவர்கள் காசு செலவில்லாமல் ஒன்று செய்யலாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மற்ற கண்ணால் அந்தப் புள்ளியைப் பாருங்கள், அப்புறம் கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடுகள் நெளிந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் மருந்துக்கடைக்குப் போகாமல் நேரே விழித்திரை மருத்துவரிடம் போங்கள், தள்ளிப் போடாமல்.