செனட் ஹவுஸா, துங்கு சான்சலர் மண்டபமா? ஹாலில் எதை மாட்டுவது?

பிள்ளை பட்டம் வாங்கியதும் அங்கி போட்ட படத்தைப் பெரிதாக்கி மாட்டுவது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் எப்போதும் உள்ளதுதான். இப்போது சிலர் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட, படித்த பல்கலைக்கழகத்தையும் நீர்வண்ணத்தில் வரைந்து தரச் சொல்கிறார்கள். தாத்தா மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் அதன் செனட் ஹவுஸ். பிள்ளை கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகம் என்றால் அங்குள்ள துங்கு சான்சலர் மண்டபம். தாத்தாவும் பேத்தியும் ஒரே வீட்டில் இருந்தால்தான் குழப்பம்.

முதல் பார்வையில் செனட் ஹவுஸ்தான் ஜெயிக்கும். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1874இலிருந்து 1879க்குள் எழுந்த கட்டடம். செங்கல் சிவப்பு, மூலைக் கோபுரங்கள், குவிமாடங்கள், வளைவு வளைவாக வாசல்கள். ஆனால் தூரிகை எடுத்தவருக்குத்தான் அவஸ்தை தெரியும். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபிறகே அடுத்த நுணுக்கத்தைத் தொடலாம். மாலை மழை பிடித்துக்கொண்டால் நம் ஊரில் தாள் லேசில் காயாது. சிவப்பு வானத்துக்குள் கசியும். கடைசியில் பேனாவால் கோடிழுத்து மெல்லிய வண்ணம் தடவித் தருகிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பேனா செய்ததுதான் அதிகம்.

துங்கு சான்சலர் மண்டபத்தைக் கான்கிரீட் பெட்டி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கிங்டன் லூ வடிவமைத்த 1960களின் கட்டடம் அது. 2001இல் தீயில் கருகி, மறுபடி சீரமைத்தார்கள். வெயிலைத் தடுக்கும் அந்தக் கான்கிரீட் அடுக்குகளின் நிழல்தான் ஓவியமே. அகலமான பூச்சு மெதுவாகக் காய்ந்தால்தான் நிறம் பிசிறில்லாமல் இறங்கும். செனட் ஹவுஸைக் கெடுக்கிற ஈரம் இங்கே கைகொடுக்கிறது. அல்ட்ராமரின் நீலமும் சுட்ட சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தைச் சொரசொரப்பான பருத்தித் தாளில் ஓடவிட்டால் நிறத்துகள் குழிகளில் தங்கும். கான்கிரீட்டும் மழைக்கறையும் தாமாகவே வந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

யாரும் கேட்காத ஒன்றும் இருக்கிறது: சிங்கப்பூர் புக்கித் தீமா வளாகம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் தொடங்கியது சிங்கப்பூரில்தான். வளாகத்தை வடிவமைத்த இருவரில் ஒருவரான சிரில் ஃபேரி, கட்டடங்களை நீர்வண்ணத்தில் வரைவதில் பெயர்பெற்றவர். வெள்ளைச் சுவருக்குத் தாளை அப்படியே விட்டுவிடலாம், ஓட்டுக்கூரைக்கு மட்டும் சிவப்பு. அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது சாதாரணத் தொழிலாளிகளும் வெள்ளி (டாலர்) கொடுத்தார்கள். தோட்டத் தொழிலாளி வீட்டுச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் எது?

எதை வரையச் சொன்னாலும் ஃபிரேம் கடையில் கண்ணாடி தாளில் ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம்.